பனியன் மெஷின் ஊசியில் செய்த புரோப்

அந்தக் கிட்டார்காரரை எனக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லை. ஏன் என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் பத்துக் காரணம் அடுக்கியிருப்பேன். தூத்துக்குடிப் பக்கமிருந்து பிழைக்க வந்து, ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராகச் சேர்ந்து, மூன்றே மாதத்தில் எங்கள் சர்ச் பாடகர் குழுவின் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டவர். எங்கள் சர்ச் என்று நான் சும்மா சொல்லவில்லை. அதைக் கட்டும்போது என் அப்பா சுண்ணாம்பு சுமந்திருக்கிறார். முப்பது குடும்பம் வந்துகொண்டிருந்த இடம். இரண்டாயிரத்துக்குப் பிறகு கம்பெனிகள் பெருகப் பெருக, தெற்கத்திக்காரர்கள் குடும்பம் குடும்பமாக வந்து நிறைந்தார்கள். நான் வழக்கமாக உட்காரும் பெஞ்சில் எனக்கே இடம் கிடைக்காமல் போனது.

உண்மையான காரணம் பெஞ்சு இல்லை. பன்னிரண்டு வருஷமாக அந்தச் சர்ச்சின் மைக் செட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். வார நாட்களில் ஒரு நிட்டிங் கம்பெனியில் எலெக்ட்ரானிக் மெயின்டனன்ஸ் வேலை. துணி பின்னும் மெஷின்களின் போர்டு, சென்சார் எல்லாம் என் கைக்குப் பழக்கம். அப்படிப்பட்டவனிடம் இந்த ஆள் வந்த இரண்டாம் ஞாயிறே சிரித்த முகத்தோடு வந்து, “அண்ணாச்சி, மைக் செட்டுல ஒரு இரைச்சல் கெடக்கு பாத்தீங்களா? எர்த்து சரியில்லன்னு நெனைக்கேன்” என்றார். எர்த் சரியில்லைதான். அதை ஒரு துணி வெட்டுகிறவர் வந்து எனக்குச் சொல்ல வேண்டுமா? அந்த வாரமே எர்த்தைச் சரி செய்தேன். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பிறகு அவர் அந்தப் பெட்டியைக் கொண்டுவந்தார். போத்தனூர் ரயில்வே காலனியில் ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம் வெளிநாட்டுக்குக் கிளம்பும்போது அவருக்குக் கொடுத்துவிட்டுப்போன வால்வு ஆம்ப்ளிஃபயர். பழைய ரேடியோவுக்குள் சிவப்பாக எரியுமே கண்ணாடிக் குமிழ்கள், அதுதான் வால்வு. சுவிட்சைப் போட்டால் சூடேறவே அரை நிமிஷம் ஆகும். தூக்கினால் இடுப்பு போய்விடும். ஆனால் கிட்டாரை அதில் செருகி ஒரு கம்பியைத் தட்டினால் போதும், சத்தம் வந்து நெஞ்சில் உட்காரும். அது நன்றாக இருந்ததுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அந்தப் பெட்டி கெட்டது ஒரு திருவிருந்து ஞாயிற்றுக்கிழமையில். பாட்டு நடந்துகொண்டிருந்தபோதே கிட்டார் சத்தம் காணாமல் போனது. அவர் குனிந்து வால்யூமைக் கொஞ்சம் திருகினார். சத்தம் இல்லை. இன்னும் திருகினார். கடைசிவரை திருகிப் பார்த்துவிட்டு, ஒன்றும் ஆகாததால் அப்படியே விட்டுவிட்டு நிமிர்ந்தார். பாட்டு முடிந்தது, எல்லோரும் தலை குனிந்தார்கள், போதகர் கிண்ணத்தை எடுத்து ஜெபிக்கத் தொடங்கினார். அந்த நிசப்தத்தில் பெட்டி தானாக உயிர் வந்து ஊளையிட்டது. போதகரின் கை ஆடிக் கிண்ணம் தளும்பியது. குழந்தைகள் வீறிட்டன. கிட்டார்காரர் ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கினார். அதன் பிறகு அந்தப் பெட்டியிலிருந்து லேசான உறுமலைத் தவிர எதுவும் வரவில்லை.

ஆராதனை முடிந்ததும் கமிட்டி கூடியது. செக்ரட்டரி எங்கள் ஊர்க்காரர், எனக்குத் தூரத்துச் சொந்தம். “ஏனுங்க, உங்களுக்குத்தான் இந்தச் சாமானெல்லாம் தெரியும். என்னாச்சுங்க?” என்று என்னைக் கேட்டார். நான் பெட்டியின் பின்பக்கத்தைக்கூடத் திறந்து பார்க்கவில்லை.

“ஃபுல்லா வெச்சுப்போட்டாருங்க. வால்வு வெந்து போச்சுங்க” என்றேன்.

போதுமே. அன்றிலிருந்து கிட்டார் நிறுத்தப்பட்டது. கீபோர்டு வந்தது. அவர் மனைவியோடு கடைசி பெஞ்சில் உட்கார ஆரம்பித்தார். அவர் முதுகைப் பார்க்க வேண்டியதில்லை என்ற நிம்மதியில் நான் மைக் செட் பக்கத்தில் நிமிர்ந்து நின்றேன்.

இரண்டு வாரம் கழித்து அந்த ஆள் ஓர் அட்டைப்பெட்டியோடு கமிட்டிக்கு வந்தார். போத்தனூருக்குப் போய், அந்தக் குடும்பத்தின் உறவினர் வீட்டில் கிடந்த மாற்று வால்வுகளைத் தேடி எடுத்து வந்திருந்தார். எல்லோர் முன்னாலும் பழையதைக் கழற்றிப் புதியதைச் செருகினார். குமிழ்கள் சிவந்தன. சத்தம் வரவில்லை.

“வால்வுல கோளாறு இல்ல. வேற எங்கயோ இருக்கு. அண்ணாச்சி கொஞ்சம் பாத்துச் சொன்னா நல்லாருக்கும்” என்றார்.

மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் பத்துப் பேர் முன்னால் என் வார்த்தை பொய்யாகிப் போனது. “அப்படீன்னா அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிஞ்சிருக்குமுங்க. அதுவும் ஃபுல்லா வெச்சதுனாலதானுங்க” என்றேன். ஸ்பீக்கருக்கு முன்னால் இருக்கும் கனமான டிரான்ஸ்ஃபார்மர் அது. அது போனால் அந்தக் காலத்துப் பெட்டிக்கு மாற்று கிடைக்காது, பெட்டி செத்த மாதிரிதான்.

செக்ரட்டரி கணக்காகப் பேசுகிறவர். “அறுப்பின் பண்டிகைக்கு நாலு வாரம் இருக்குதுங்க. நீங்க பிரிச்சுப் பாத்துச் சொல்லிப்போடுங்க. இவர் கையாலதான் போச்சுன்னா, இனி இந்தச் சர்ச்சுக்குள்ள கிட்டார் வேண்டாம்னு மினிட்ஸ்ல எழுதிப்போடலாம்” என்றார்.

கிட்டார்காரர் என்னை மட்டும் பார்த்தார். கம்பெனி, ரூம் வீடு, ரேஷன் கடை என்று ஓடுகிற அவருக்கு, ஞாயிற்றுக்கிழமை அந்த ஒரு மணி நேரம்தான் இந்த ஊரில் மனிதராக உட்கார்ந்திருக்கும் நேரம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சந்தோஷப்பட்டேன்.

பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து முன்னறையில் பிரித்துப் போட்டேன். முதல் வேலையாக மல்டிமீட்டரை எடுத்து டிரான்ஸ்ஃபார்மரைச் சோதித்தேன். கல்லு மாதிரி நன்றாக இருந்தது. மறுபடி சோதித்தேன். மீட்டர் பேட்டரியை மாற்றிவிட்டுச் சோதித்தேன். அப்போதும் நன்றாகத்தான் இருந்தது. எனக்கு வந்த கோபத்தில் மீட்டரைக் கட்டில்மேல் எறிந்தேன்.

என் மனைவி கறிவேப்பிலை உருவிக்கொண்டே எட்டிப்பார்த்தாள். “ஏனுங்க, ஒரு பொட்டி நல்லா இருக்குதுன்னு தெரிஞ்சா சந்தோஷப்படோணும். நீங்க என்னமோ எழவு விழுந்தாப்ல உக்காந்திருக்கறீங்க?”

“உன்ற சோலியப் பாரு.”

“என்ற சோலியத்தான் பாக்கறனுங்க. முன்னறைய நீங்கதான் கடையாக்கி வெச்சிருக்கறீங்க.”

அந்த ஆள் எதையோ எரித்திருக்கிறார், அது எதுவென்று கண்டுபிடித்துக் கமிட்டி மேஜைமேல் வைப்பேன் என்று எனக்குள் ஒரு வெறி. ஆனால் வால்வுப் பெட்டியில் எங்கே தேடுவது? எனக்குப் பழகிய மெஷின் போர்டெல்லாம் இருபத்துநாலு வோல்ட். இதற்குள் நானூறு வோல்ட். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் கையை வைத்தேன். உள்ளே இருந்த பெரிய கண்டன்சர் பழைய மின்சாரத்தைப் பிடித்து வைத்திருந்து, என் முழங்கைவரை ஓர் அடி கொடுத்தது. நான் கத்திய கெட்ட வார்த்தை தெருவுக்கே கேட்டிருக்கும். சர்ச் மைக் செட் பார்க்கிறவன் பேசுகிற பேச்சா அது! அதற்கும் கிட்டார்காரரையே திட்டினேன்.

நிட்டிங் மெஷினில் நூல் அறுந்தால் நாங்கள் என்ன செய்வோம்? மேலே நூல் சுற்றிய கோனிலிருந்து ஆரம்பித்து, நூல் எதுவரை வந்திருக்கிறது என்று விரலால் தடவிக்கொண்டே வருவோம். நூல் இருக்கும் கடைசி இடத்துக்கும் இல்லாத முதல் இடத்துக்கும் நடுவில்தான் கோளாறு. இந்தப் பெட்டியிலும் சத்தம் அப்படித்தான் ஒரு வால்விலிருந்து இன்னொரு வால்வுக்குப் போகிறது. விரலுக்குப் பதில், தொட்ட இடத்துச் சத்தத்தை எனக்குக் கேட்கவைக்கும் ஒரு குச்சி வேண்டும். அதற்குத்தான் புரோப்.

நுனிக்கு மெஷின் ஊசியை எடுத்தேன். பின்னும் மெஷினில் ஆயிரக்கணக்கில் இருக்கும் அந்த ஊசியின் தலையில் ஒரு கொக்கி, கொக்கியை மூட ஒரு குட்டி நாக்கு. தேய்ந்துபோனால் கழற்றித் தகர டப்பாவில் போட்டுவிடுவோம். அதில் ஒன்றைக் கொண்டுவந்து, கொக்கியை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடமெல்லாம் பிளாஸ்டிக் ஸ்லீவ் மாட்டினேன். கையை உள்ளே வைத்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை, கொக்கியைக் கம்பியில் மாட்டிவிட்டு ஒதுங்கி நின்று கேட்கலாம். ஊசியைக் காலி பால்பாயின்ட் பேனாக் குழாய்க்குள் செருகினேன். அதன் வாலில் ஒரு கண்டன்சர். சத்தத்தை மட்டும் தாண்டவிட்டு நானூறு வோல்ட்டை வாசலிலேயே நிறுத்துவது அதன் வேலை. அங்கிருந்து மைக் வயர், வயரின் முனையில் ஒரு சின்ன ஸ்பீக்கர் செட். பெட்டியின் இரும்பு உடம்பைப் பிடிக்க ஒரு முதலை கிளிப்.

முதல் முறை அவசரத்தில் மெஷின் போர்டில் கிடந்த நூறு வோல்ட் கண்டன்சரைப் போட்டேன். தொட்டதும் ‘டப்’ என்றது. பேனாக் குழாய் புகைந்தது. கம்பெனி ஆபீசில் ஒதுக்கிப் போட்டிருந்த கம்ப்யூட்டர் ஸ்பீக்கரை எடுத்து வந்திருந்தேன், அதுவும் செத்தது. இருபது வருஷ அனுபவம் என்று மார்தட்டுகிறவன் செய்த வேலை. அடுத்த வாரம் கோயமுத்தூருக்குப் பஸ் ஏறி, அறுநூற்றுச் சொச்சம் வோல்ட் தாங்கும் கண்டன்சராக வாங்கி வந்தேன். ஸ்பீக்கருக்கு, என் மனைவி பாட்டுக் கேட்கும் சிடி பிளேயரின் ஸ்பீக்கர் செட்டைக் கழற்றினேன்.

“அதையும் பொகைய வெச்சீங்கன்னா நான் எங்கம்மா ஊட்டுக்குப் போயிருவனுங்க” என்றாள். போகமாட்டாள். ஆனாலும் பக்கத்திலேயே நின்றுகொண்டாள்.

பெட்டிக்குள் அனுப்ப ஒரு சத்தம் வேண்டுமே? பாக்கெட் ரேடியோவின் இயர்போன் ஓட்டையிலிருந்து ஒரு வயரை இழுத்துக் கிட்டார் செருகும் இடத்தில் செருகினேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், வேளாண்மைச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. ஷாக் அடித்தாலும் நெஞ்சு வழியாகப் பாயாதபடி ஒரு கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, கொக்கியை உள்ளே நுழைவாயிலில் மாட்டினேன். “தென்னைக்கு வட்டப்பாத்தி எடுத்து” என்று மெல்லிய குரல். முதல் வால்வைத் தாண்டிய இடத்தில் மாட்டினேன். “மக்கிய தொழு உரம் இட்டு” என்று முன்னறை அதிர்ந்தது. என் மனைவி சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அடுத்தது வால்யூம் கண்ட்ரோல். அதற்கு மூன்று கால். சத்தம் நுழையும் காலில் மாட்டினேன். உரம் தெளிவாகக் கேட்டது. சத்தம் வெளியேறும் நடுக்காலில் மாட்டினேன். ஒன்றுமில்லை. வால்யூம் குமிழைத் திருகினேன். ஒன்றுமில்லை. கடைசிவரை திருகியபோது ஒரே ஒரு கணம் “நீர் பாய்ச்ச” என்று அலறிவிட்டு அறுந்துபோனது.

அகப்பட்டுக்கொண்டார் என்று நினைத்தேன். இப்படித் திருகித் திருகித்தான் உடைத்திருக்கிறார். பிளக்கைப் பிடுங்கி, கண்டன்சரைக் காலி செய்து, வால்யூம் கண்ட்ரோலைக் கழற்றி, அதன் தகர மூடியை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினேன்.

உள்ளே எதுவும் உடைந்திருக்கவில்லை. சாம்பல் நிறத்தில் ஒரு களி இருந்தது. பஞ்சுத் தூசியும் எண்ணெயும் சேர்ந்து இறுகிய களி. சத்தத்தைக் கடத்த வேண்டிய கரிப் பாதையின்மேல் அது படிந்து, பாதையை உரசி நகரும் முள்ளைத் தூக்கிவிட்டிருந்தது. நான் அதை மூக்கருகே கொண்டுபோனேன். நீடில் ஆயில். மெஷின் ஊசிகளுக்கு விடுகிற எண்ணெய். என் சட்டையில், என் பையில், என் தலையணையில் இருக்கும் அதே வாசனை.

எங்கள் ஊரில் கரகர என்று எது சத்தம் போட்டாலும் நீடில் ஆயில்தான் மருந்து. கத்தரிக்கோலுக்கு, கதவுக்கு, மின்விசிறிக்கு, டிவிஎஸ் வண்டிக்கு. மூன்று மாதத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை, செக்ரட்டரி என்னைக் கூப்பிட்டு, “இந்தக் கிட்டார் பொட்டியத் திருகுனா கரகரங்குது, பாருங்க” என்றார். கிட்டார்காரர் அப்போது லீவில் ஊருக்குப் போயிருந்தார். நான் ஷிப்டு முடிந்து நேராக வந்திருந்தேன். பையில் எண்ணெய்க் குப்பி இருந்தது. குழலை வால்யூம் கண்ட்ரோலின் இடுக்கில் வைத்து நன்றாக ஓர் அழுத்து அழுத்தினேன். கரகரப்பு உடனே நின்றது. செக்ரட்டரி தட்டிக்கொடுத்தார். கிட்டார்காரரிடம் யாரும் சொல்லவில்லை. நானும் அதை அன்றைக்கே மறந்துவிட்டேன்.

“என்னங்க, கண்டுபுடிச்சிட்டீங்களா?” என்றாள் மனைவி.

“பழைய சாமான். தேஞ்சு போச்சு” என்றேன்.

அந்த வால்யூம் கண்ட்ரோலைக் காகிதத்தில் சுற்றி மறுநாள் கம்பெனிக் குப்பையில் போட்டேன். புதியது ஒன்றைத் தேடி வாங்கிச் சால்டர் வைத்தேன். பெட்டி முழுத் தொண்டையில் பாடியது. சொல்லிவிடலாம் என்று இரண்டு நாள் நினைத்தேன். மூன்றாம் நாள், பெட்டி சரியாகிவிட்டது, அவரும் திரும்ப வாசிக்கப்போகிறார், இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று எனக்கு நானே வக்கீலாகிவிட்டேன்.

பண்டிகைக்கு முந்தைய ஞாயிறு கமிட்டி முன்னால் பெட்டியை வைத்துக் காட்டினேன். புரோப்பையும் காட்டினேன். காட்டாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவு பெருமை எனக்கு. கிட்டார்காரர்தான் முதலில் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். “நீடிலை வச்சா செஞ்சீங்க? எம்மாடி! நல்ல மூளை அண்ணாச்சி ஒங்களுக்கு” என்றார். அவர் முகத்தில் கேலி இல்லை. நான் தேடிப் பார்த்தேன், இல்லவே இல்லை.

செக்ரட்டரி கேட்டார். “கோளாறு என்னங்க?”

“உள்ள ஒரு பார்ட்டு போயிருந்துச்சுங்க. மாத்திப்போட்டேன்.”

“ஃபுல்லா வெச்சதுலதானே போயிருக்கும்?”

சொல்வதற்கு இடம் இருந்தது. அறையில் ஏழெட்டுப் பேர்தான். எல்லோரும் தெரிந்தவர்கள். நீடில் ஆயில் என்று இரண்டே சொல். சொன்னால் சிரித்திருப்பார்கள், ஒரு வாரம் கேலி செய்திருப்பார்கள், அவ்வளவுதான் நடந்திருக்கும்.

“இருக்கலாமுங்க” என்றேன்.

செக்ரட்டரி கிட்டார்காரர் பக்கம் திரும்பினார். “பாத்தீங்களா? மூணு வாரமா தன் வேலைய உட்டுப்போட்டு உங்களுக்காக உக்காந்திருக்கறாரு. ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. அப்பறம் பண்டிகைக்கு வாசிங்க” என்றார்.

அவர் எழுந்து வந்தார். என் வலது கையை இரண்டு கையாலும் பிடித்தார். கிட்டார் கம்பியில் காய்த்துப்போன விரல் நுனிகள் என் உள்ளங்கையில் உரசின. “தப்பு எம்மேலதான் அண்ணாச்சி. தெரியாம கூட வச்சுட்டேன். மனசுல வச்சுக்கிடாதீங்க” என்றார். அவருடைய மனைவி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“பரவால்லீங்க” என்றேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். “இனிமே பாத்து வெச்சுக்குங்க” என்றும் சொன்னேன்.

இதை எழுதும்போது எனக்கு அந்த ஆள்மேல் கோபம் இல்லை. அந்த அறையில் நின்ற என்னைத்தான் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளத் தோன்றுகிறது. என்னை அந்தக் கமிட்டி அடுத்த வருஷமும் மைக் செட்டுக்குப் பொறுப்பாகப் போட்டது.

கம்பெனி மாறி ஊரைவிட்டுப் போகும்வரை இன்னும் நாலு வருஷம் அவர் எங்கள் சர்ச்சில் வாசித்தார். ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை தொடங்கும் முன் பெட்டிக்கு முன்னால் குனிந்து, வால்யூமில் விரலை வைத்தபடி என்னைத் திரும்பிப் பார்ப்பார். “அண்ணாச்சி, இவ்வளவு வைக்கலாமா?” என்று கேட்பார். பாதிகூடத் திருகியிருக்கமாட்டார். பாட்டுச் சத்தத்தில் அவர் கிட்டார் யாருக்கும் கேட்காது.

“வெச்சுக்குங்க” என்பேன்.